கருவறுக்கும் அத்தியாயம்

நள்ளிரவுக்குள் நாலாயிரம் எழுத்து.
ஒரு நாள் தவறினாலும் அந்த மாதப் படி போச்சு.
வென்சோவில் மழை. ஏழாவது மாடியில்
சுவர் வியர்க்கிறது, தலையணை உறை காய மறுக்கிறது.
சோயா பாலை ஆறவைத்துவிட்டுக்
கொல்லத் தொடங்குகிறேன்.

என் புனைபெயர் ஆண்பெயர்.
என் நாயகன் ஷேன் மோ
மலைவிளிம்பிலிருந்து தள்ளப்பட்டவன்.
(தள்ளப்படாதவன் எவன்? எங்கள் கதைகளில்
பள்ளத்தாக்குக்கு ஒரு நாயகன் கிடப்பான்.)
நாடி அறுந்து, நஞ்சு குடித்து,
எலும்பைத் திரும்ப முளைக்கவைத்து ஏறி வந்தவன்.
கருங்காக நெறியின் முந்நூற்றுப் பதினேழு பேரில்
முந்நூற்றுப் பதினாறு பேரை முடித்துவிட்டான்.

நன்றாகக் கொல்வேன் நான்.
மெல்லிய வாள் கழுத்தைக் கடந்தால்
ரத்தம் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வரும்.
அந்த வரிக்கு யாரோ ஒருவர்
ஒரு மாத வாடகையை அன்பளிப்பாக அனுப்பினார்.

ஒன்றை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.
செத்தவர்களில் நாற்பத்தொரு பேருக்கு
இடது புருவம் இரண்டாய்ப் பிளந்திருக்கும்.
நாற்பத்தொரு பேரும் சாவதற்குமுன்
ஒரு கதவைத் தள்ளிப் பார்ப்பார்கள்.
வெளியே தாழிட்ட கதவு.

செருப்புப் பட்டறை. பசை டப்பாக்கள்.
சரக்கு திருடுபோகிறதென்று
இரவு முறையை வெளியிலிருந்து பூட்டியவர்
மேற்பார்வையாளர் குவாய் தெஷெங். பிளந்த புருவம்.
உள்ளே அம்மா.
எனக்கு ஏழு வயது, அன்று ஜுரம்,
அதனால் கூட்டிப் போகவில்லை.
தீர்ப்பு, மூன்று வருடம் எட்டு மாதம்.
பழி தீர்க்கப் பத்து வருடம் பொறுத்தாலும் தாமதமில்லை
என்பார்கள் இங்கே.
இருபத்திரண்டு ஓடிவிட்டது.

இப்போது அவர் எங்கள் கட்டடத்துக் காவல்காரர்.
தேடிப் போகவில்லை நான். வாடகை மலிவு, அவ்வளவுதான்.
பார்சல் அறையில்
மின்கணப்பில் பாதங்களைக் காட்டியபடி
விரிசல் விழுந்த கைபேசியில்
என் கதையைப் படிக்கிறார்.
தினமும். காசு கட்டி.
அவரும் புருவத்தைக் கவனிக்கவில்லை.

நேற்று 912 இப்படி முடிந்தது:
எதிரியின் கடைசிப் பிள்ளை,
விறகு அடுக்குக்குப் பின்னால்,
தும்மலை அடக்கிக்கொண்டு.
ஷேன் மோவின் வாள் உறையைவிட்டு
இரண்டு விரல் அளவு வெளியே.

வேரோடு பிடுங்கு என்கிறார்கள் பன்னிரண்டாயிரம் பேர்.
பிடுங்காவிட்டால் பிளேடு அனுப்புவார்களாம்.
வேடிக்கைதான், எல்லா எழுத்தாளருக்கும் சொல்வது.
ஒருவர் மட்டும் நிஜமாகவே அனுப்ப,
நிறுவனம் சிரித்துக்கொண்டே
எனக்குத் திருப்பிவிட்டது.

குவாய் பார்சலை நீட்டினார்.
"உள்ள ஏதோ கலகலங்குது, பாத்து."
பிறகு, பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில்,
"அந்தக் கதை நீ படிக்கிறியாம்மா?
பொடியனை விடக் கூடாது. கருவறுத்துடணும்.
விட்டா வளந்து வந்து எதிர்ல நிப்பான்."

நின்றேன்.

பேனா தேடி மேசைக்கடியில் குனிந்தார்.
பின்கழுத்தில் வலிப் பிளாஸ்திரி,
உரிந்த ஓரத்தில் ஒட்டிய நரைமுடி.
என் கையில் பிளேடுகள்.
நாற்பத்தொரு தடவை ஒத்திகை பார்த்த கழுத்து.
ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை.

பேனா எழுதவில்லை. அதை ஊதி, உதறிக் கொடுத்தார்.
சொந்தப் பெயரைப் போட்டேன்: பியென் ஷியூஹே.
பியென், அம்மாவின் குடும்பப் பெயர்.
படித்தார்.
கண்ணாடி நெற்றியில் இருந்தது,
படிக்காமலும் இருந்திருக்கலாம்.

மணி பதினொன்று ஐம்பது.
மூவாயிரத்து அறுநூறு எழுத்தாகியும்
வாள் அதே இரண்டு விரல் அளவில்தான்.
மழை, விறகின் ஈரம்,
அதில் ஊரும் ஒரு மரவட்டை
என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன்.
தண்ணீர் ஊற்றுகிறாள் என்பார்கள்.

பொடியன் தும்மிவிட்டான்.
ஷேன் மோவுக்குக் கேட்டுவிட்டது.
விறகுப் பக்கம் போகாமல்
அவன் கதவைப் பார்க்கிறான்,
தாழ் எந்தப் பக்கம் இருக்கிறதென்று.

கீழே பார்சல் அறை விளக்கு எரிகிறது.
இன்னும் தூங்காமல்
காத்துக்கொண்டிருக்கிறார்.